கமெராவுக்குள் இருந்த குட்டிப் படக்குழாய்: கழற்றுவதா, காப்பதா, கைமாற்றுவதா?

பழைய வீடியோ கமெராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் பகுதிக்கு வியூஃபைண்டர் என்று பெயர். அதற்குள் கட்டைவிரல் அளவேயான ஒரு படக்குழாய் இருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியின் பெரிய குழாய் வேலை செய்த அதே முறைதான்: சூடாகும் இழை, இலத்திரன் கற்றை, அதை இழுத்து வளைக்கும் காந்தச் சுருள், கற்றை பட்டதும் ஒளிரும் பூச்சு. இப்போது இப்படிப்பட்ட குழாயை யாரும் புதிதாகச் செய்து விற்பதில்லை. அதனால்தான் கையில் ஒன்று கிடைத்தவர்களுக்கு அதை எறியவும் மனம் வருவதில்லை, என்ன செய்வதென்றும் தெரிவதில்லை.

இலங்கை மலைநாட்டின் ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கங்களிலிருந்து இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். மூடப்பட்ட ஸ்டூடியோவின் சாமான்களை மொத்தமாக வாங்கியவர். மத்திய கிழக்கில் வேலை செய்த சித்தி கொண்டுவந்த கமெராவை அலுமாரியில் கண்டெடுத்த பிள்ளை. பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் மூவருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம்: குழாய்க்குத் தனியே பெறுமதி இல்லை. குழாய், அதன் கழுத்தில் மாட்டியிருந்து கற்றையை வளைக்கும் யோக் சுருள், இரண்டையும் இயக்கும் சர்க்கிட் பலகை ஆகிய மூன்றும் பிரியாமல் இருக்கும்வரைதான் அது பயன்படும் பொருள். எனவே ஒரு வழி இந்தத் தொகுதியை எவ்வளவு குறைவாக வெட்டுகிறதோ, அந்த அளவுக்கு அந்த வழியை நான் மேலே வைக்கிறேன்.

முதலில், உள்ளே இருப்பது எது?

எல்லாக் கமெராவிலும் இந்தக் குழாய் இல்லை. 1983இல் சோனி வெளியிட்ட பீட்டாமூவியில் கண்ணாடி வில்லை வழியே நேராகப் பார்க்கும் வியூஃபைண்டர்தான் இருந்தது. அதற்குள் தேடிப் பயனில்லை. 1984இல் வந்த ஜேவிசி ஜிஆர்-சி1 போன்றவற்றிலும், பிறகு தொண்ணூறுகள்வரை திருமண வீடுகளில் தோளேறிய பெரும்பாலான விஎச்எஸ் கமெராக்களிலும் கறுப்பு வெள்ளைக் குழாய் இருக்கும். அதற்குப் பிந்திய கைக்கடக்கமான கமெராக்களில் நிறம் காட்டும் எல்சிடி தட்டுக்கு மாறிவிட்டார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும்போது படம் நிறமாகத் தெரிந்தால், உள்ளே இருப்பது குழாய் அல்ல என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எண்பதுகளின் நடுப்பகுதிவரை வந்த பல கமெராக்களில் இரண்டு குழாய்கள் இருந்தன. வில்லைக்குப் பின்னால் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் விடிகான் வகைக் குழாய் ஒன்று. வியூஃபைண்டருக்குள் படத்தைக் காட்டும் குழாய் மற்றொன்று. முதலாவது படம் காட்டாது. அதன் முகம் கறுத்தோ செம்மை கலந்தோ தட்டையாக இருக்கும். படக்குழாயின் முகத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெளிர்ப் பூச்சு தெரியும். கீழே சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றியே.

எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, பின்வாங்க முடியுமா என்பது. மனம் மாறினால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத வேலையில் அவசரப்படக் கூடாது. இரண்டாவது, உயர் மின்னழுத்தத்துக்கு எவ்வளவு அருகில் கை போகிறது என்பது. பலகைக்கு உள்ளே போவது 5 முதல் 12 வோல்ட்தான் என்றாலும், குழாயின் முகத்துக்கு ஏறுவது 2,000 வோல்ட்டும் அதற்கு மேலும். மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனால் சுண்டியதும் கை உதறி, குழாயின் கழுத்தை முறித்துவிடும். மூன்றாவது மறைசெலவு: இலவசமாகக் கிடைத்த குழாய்க்காகக் கொழும்புப் புறக்கோட்டைக்கு எத்தனை முறை பஸ் ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, நம்முடைய காலநிலை. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அடர்த்தி குறைந்த காற்றில் மின்பொறி கொஞ்சம் எளிதாகத் தாவும். அத்தோடு பனிமூட்டமும் ஈரமும். தூசி படிந்த பலகையில் ஈரம் ஏறினால், உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பிளைபேக் சுருளைச் சுற்றிச் "சீ" என்ற சத்தமும் ஓசோன் வாடையும் வரும். கொழும்பில் ஒழுங்காக ஓடும் தொகுதி ராகலையில் மழைக்கால இரவில் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

| வழி | பின்வாங்கலாமா | மேலதிகமாகத் தேவைப்படுவது | ஆபத்து |
|---|---|---|---|
| கமெராவை அப்படியே காத்தல் | முழுமையாக | பற்றரி அல்லது மின்வழங்கி | மிகக் குறைவு |
| சின்னத் திரை | ஓரளவு | 5 வோல்ட் வழங்கி, வீடியோ வயர், மல்டிமீற்றர் | மூடியே வைத்தால் குறைவு |
| ஒலியலை காட்டி | முடியாது | இரண்டாவது யோக், ஒலிபெருக்கிப் பலகை | அதிகம் |
| வகுப்பறைக் கருவி | ஓரளவு | ஒளி ஊடுருவும் பெட்டி, காந்தம் | பெட்டியைப் பொறுத்தது |
| விற்பனை | முடியாது | பொதி செய்யும் பொருட்கள், தபால் செலவு | இல்லை |

கமெராவை அப்படியே வைத்திருப்பது

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் அலுமாரியின் மேல்தட்டையும் பாருங்கள். அங்கே சிறிய ஒளிநாடாப் பேழைகள் கிடந்தால், அந்தக் கமெராதான் அவற்றைப் போட்டுப் பார்க்க உங்களிடம் எஞ்சியிருக்கும் ஒரே இயந்திரமாக இருக்கலாம். பெரிய விஎச்எஸ் நாடாவை யாரோ ஒருவர் வீட்டுப் பழைய டெக்கில் போட்டுக்கொள்ளலாம். விஎச்எஸ்-சி நாடாவுக்கு அடப்டர் பேழை தேவை. 8 மில்லிமீற்றர் நாடாவுக்கோ அதே வகைக் கமெராவோ பிளேயரோ இல்லாமல் வழியே இல்லை.

தோட்டத்துக் கல்யாணங்கள், மாத்தளை முத்துமாரியம்மன் தேர், மாசி மாதக் காமன் கூத்து, பெரியவர்களின் குரல் எல்லாம் அந்த நாடாக்களில்தான் கிடக்கின்றன. லயத்து வாழ்க்கையை வெளியாள் எடுத்த படங்கள் ஏராளம். நம்மவர் நம்மவரை எடுத்தது குறைவு. ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தால் அதுவும் போய்விடும். நாடா சுழன்று மஞ்சள் வீடியோ வயரில் படம் வருகிறதென்றால், இந்த வழியைத் தவிர வேறு எதையும் இப்போதைக்கு யோசிக்காதீர்கள். எல்லா நாடாவையும் கணினிக்கு மாற்றிய பிறகு குழாயைப் பற்றிப் பேசலாம்.

மறைசெலவு பற்றரிதான். பழைய பற்றரிகள் செத்திருக்கும். கமெராவின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து, அதே அளவு தரும் மின்வழங்கியை மாட்டலாம். கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றிக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

சின்னத் திரையாக்குவது

நாடாப் பகுதி செத்து வியூஃபைண்டர் மட்டும் உயிரோடிருந்தால், என் தெரிவு இதுதான். இதில் குழாயை அதன் கூட்டிலிருந்து எடுக்கத் தேவையே இல்லை. வியூஃபைண்டரை முழுதாகக் கமெராவிலிருந்து கழற்றி, அதற்குப் போகும் வயர்களில் மூன்றை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும்: மின்சாரம், எர்த், வீடியோ. மற்றவை பதிவாகும்போது எரியும் சிவப்பு விளக்குக்கும் எச்சரிக்கை விளக்குகளுக்கும் போகின்றவை.

கமெராவில் கொஞ்சமாவது உயிர் இருக்கிறதென்றால், வெட்டுவதற்கு முன்பே மல்டிமீற்றரை வைத்து எந்த வயரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலை பல இரவுகளை மிச்சப்படுத்தும். கமெரா முற்றாகச் செத்திருந்தால், பலகையின் உலோக மறைப்போடு தொடர்புள்ள வயர் எர்த். பெரிய கண்டென்சரின் கூட்டல் முனைக்குப் போவது பெரும்பாலும் மின்சாரம். 5 வோல்ட்டில் தொடங்குங்கள். ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட்டு மறுபடி தேடுங்கள். சில மொடல்களில் கற்றையை அசைக்கும் துடிப்பு கமெராவின் தாய்ப்பலகையிலிருந்து வரும். அப்படிப்பட்டவை தனியே இயங்கா. அதை முன்கூட்டியே அறிய எளிய வழி கிடையாது.

சரியாக இணைத்ததும் உடனே படம் வராது. கழுத்துப் பக்கம் செம்மஞ்சளாக ஒரு புள்ளி கனியும். சில விநாடிகள் கழித்து முகத்தில் சாம்பல் நிறம் பரவி, நடுங்கி, நிலைகொள்ளும். சிறு பிள்ளைகளுக்கு மெல்லிய ஒரு கீச்சொலியும் கேட்கும். நொடிக்கு 15,625 தடவை கற்றை குறுக்கே ஓடுவதால் எழும் ஒலி அது. வயது ஏறிய காதுகளுக்கு எட்டாது.

அந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. 1982இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கி, 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகலையிலிருந்து மலைநாட்டுக்கு அலைகளை அனுப்பியபோது நம் நாடு எடுத்துக்கொண்டது பிஏஎல் முறை: 625 கோடுகள், நொடிக்கு 50 புலங்கள் (புலம் என்பது பாதிப் படம்). ஜப்பானிலோ அமெரிக்காவிலோ பாவிப்பதற்கென விற்ற கமெராவின் குழாய் 525 கோடு, 60 புல என்டிஎஸ்சி முறைக்குச் செய்யப்பட்டது. கறுப்பு வெள்ளைக் குழாய்க்கு நிறக் குறியீடு பொருட்டல்ல என்பதால் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். படம் மேல்நோக்கி உருண்டால் பலகையிலுள்ள சிறு திருகு ஒன்றைப் பிளாஸ்டிக் முனையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். உலோகத் திருப்புளி வேண்டாம்.

என்ன காட்டலாம்? மஞ்சள் வீடியோத் துளை உள்ள எதுவும் காட்டும்: பழைய டிவிடி பிளேயர், பாதுகாப்புக் கமெரா, டிஷ் பெட்டி. மலைகள் மறைக்கும் தோட்டங்களில் டிஷ் இல்லாமல் தொலைக்காட்சி இல்லை. காற்றடித்துத் தட்டு திரும்பிவிட்டால், தகரக் கூரையில் ஒருவர், முற்றத்தில் ஒருவர், தொலைக்காட்சிக்கு முன்னால் ஒருவர் என்று "வந்திருச்சா, வரலையா" என்று கத்திக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டிஷ் பெட்டியிலிருந்து ஒரு நீள வயரைக் கூரைக்கு இழுத்து, பற்றரியில் ஓடும் வியூஃபைண்டரை அதில் செருகிக் கண்ணில் வைத்தால், தட்டைத் திருப்புகிறவரே சமிக்ஞைக் கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். வெயிலில் கைத்தொலைபேசித் திரை மங்கிப்போகும் இடத்திலும் இது தெளிவாகத் தெரியும். கண்ணை மூடும் இறப்பர் வளையம் அதற்காகவே செய்யப்பட்டது. இந்தக் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் கண்டதில்லை.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை இணைக்க விரும்புகிறவர்களுக்குச் சில மறைசெலவுகள். 2012இல் வந்த முதல் பையில் மஞ்சள் துளை தனியாக இருந்தது. பிறகு அது நான்கு வளைய ஒலித்துளைக்குள் போய்விட்டது. கடையில் கிடைக்கும் கமெரா வயர்களில் எர்த்தும் வீடியோவும் இடம் மாறியிருக்கும். வயர் தவறினால் படம் வராது, பழி குழாயின் மேல் விழும். பை ஸீரோவில் துளையே இல்லை, இரண்டு புள்ளிகளில் ஈயம் வைக்க வேண்டும். பை 4இல் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட வேண்டும். மலிவான வழி ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை. அதன் 25ஆம், 26ஆம் முனைகளில் உள்ள, இலக்கங்களை மின்னழுத்தமாக்கும் மாற்றி வழியே வீடியோ சமிக்ஞையை உண்டாக்கலாம். ஆனால் எஸ்3, சி3 என்ற புதிய வகைகளில் அந்த மாற்றி இல்லை. வாங்கும்போது பெயரை முழுதாகக் கேளுங்கள்.

இந்தத் திரையைக் கடிகாரமாக்குபவர்கள் இலக்கங்களை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டாம். பூச்சு அங்கேயே கருகி, இலக்கம் நிரந்தர நிழலாகத் தங்கிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை சற்று நகர்த்தினால் போதும்.

இன்னொரு சிக்கல்: சில வியூஃபைண்டர்களில் குழாய்க்கு முன்னால் 45 பாகையில் ஒரு கண்ணாடி இருக்கும். அதை எடுத்துவிட்டால் எழுத்து இடவலம் மாறித் தெரியும். கண்ணாடியையும் சேர்த்தே வைத்திருங்கள். இல்லையென்றால் யோக்கில் கற்றையைக் குறுக்கே அசைக்கும் கிடைச்சுருளின் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். மலிவான கைத்தொலைபேசி சார்ஜர் படத்தில் நெளிகோடுகளைக் கொண்டுவரும். மின்வெட்டு வாடிக்கையான இடங்களில் 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் பற்றரியும் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டரும் இதற்கு நல்லது.

ஒலியலை காட்டும் கருவியாக்குவது

பார்க்க மிக அழகானது; கெடுக்க மிக எளிதானதும் இதுவே. பாட்டைக் கொடுத்தால் தவிலடிக்கு ஏற்பத் துள்ளும் ஒளிக்கோடு கிடைக்கும். அதற்கு யோக் சுருளைப் பலகையிலிருந்து பிரிக்க வேண்டும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது: கிடைச்சுருள் உயர் மின்னழுத்தம் உண்டாகும் சுற்றின் ஓர் அங்கம். அதை வெறுமனே துண்டித்தால் மின்னழுத்தம் விழும், அல்லது திரான்சிஸ்டர் எரியும். எனவே இன்னொரு செத்த வியூஃபைண்டரின் யோக்கை அந்த இடத்தில் பதிலாகக் கட்ட வேண்டும். பிறகு, நொடிக்கு 50 தடவை ஓடும் நிலைக்குத்து அசைவை நேர அச்சாக வைத்துக்கொண்டு, யோக்கைக் கால்வட்டம் திருப்பி, விடுபட்ட சுருளுக்குச் சிறிய ஒலிபெருக்கியிலிருந்து ஒலியைக் கொடுக்க வேண்டும். திரையில் ஒரு தடவைக்கு 20 மில்லிவிநாடி ஒலி தெரியும்.

அசைவு நின்றுபோனால் கற்றை முழுவதும் ஒரே புள்ளியில் விழுந்து பூச்சைச் சில நொடிகளில் சுட்டுவிடும். வேலை முழுவதும் மூடியில்லாத பலகையில் நடக்கும் என்பதால் ஈரமான நாளில் செய்யவே கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, எர்த்தோடு கட்டிய காப்பிட்ட திருப்புளியால் உயர் மின்முனையைத் தொட்டு வெளியேற்றிய பிறகே கை வையுங்கள்.

அளவிடும் கருவி வேண்டுமென்று இதைச் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். டிஎஸ்ஓ138 என்ற சிறு கருவித்தொகுதி அதைப் பலமடங்கு ஒழுங்காகச் செய்யும். கையில் இரண்டு தொகுதிகள் இருந்து, ஒன்று ஏற்கெனவே பழுதாகி, மின்வேலையில் பழக்கமும் இருந்தால் மட்டும் இந்த வழி சரி.

வகுப்பறைக்குக் கொடுப்பது

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் காந்தப்புலத்தில் இயங்கும் மின்னேற்றத்தின் மீதான விசையைப் பிள்ளைகள் சூத்திரமாகத்தான் படிக்கிறார்கள். இயங்கும் குழாயின் பக்கத்தில் ஒரு சட்டக் காந்தத்தைக் கொண்டுபோனால், படம் அப்படியே ஒருபக்கம் இழுபடும். முனையை மாற்றினால் மறுபக்கம் போகும். நிறத் தொலைக்காட்சியில் இதைச் செய்தால் உள்ளிருக்கும் துளைத்தகடு காந்தமேறி நிறம் கெட்டுவிடும். கறுப்பு வெள்ளைக் குழாயில் அந்தத் தகடே இல்லை, எத்தனை வகுப்புக்கும் காட்டலாம். 2,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட இலத்திரன் நொடிக்கு ஏறத்தாழ 26,500 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்பதை மாணவர்களே கணக்குப் போட்டுக் காணலாம். ஒளியின் வேகத்தில் அது ஏறத்தாழ ஒன்பது வீதம்.

தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆய்வுகூடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே இரண்டாவது குழாய் கிடைத்தால் அது பாடசாலைக்கே போக வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் பலகையை ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பெட்டிக்குள் மூடி, காந்தம் மட்டும் வெளியே நகரும்படி செய்து கொடுங்கள். திறந்த பலகையைப் பிள்ளைகளின் மேசையில் வைக்க எந்தக் காரணமும் நியாயமாகாது. பெட்டிக்குள் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் இருக்கட்டும். மழைக்காலத்தில் பாடசாலை அலுமாரிக்குள் வில்லையிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

விற்பது

வெளிநாடுகளில் இவற்றைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது, ஓடுகிறது என்று படத்தோடு காட்டிய முழுத் தொகுதி. பிரித்தெடுத்த வெறும் குழாயை விரும்புபவர் மிகக் குறைவு. வெற்றிடக் கண்ணாடி என்பதால் பொதி செய்வதில் சிக்கனம் கூடாது. கழுத்து முனையில் அழுத்தம் விழாதபடி கமெராவின் கூட்டோடு சேர்த்தே அனுப்புவது நல்லது. தபால் செலவையும் வழியில் உடைந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதையும் கழித்துப் பார்த்தால், ஒன்றிரண்டு வைத்திருப்பவருக்குக் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஸ்டூடியோவிலிருந்து ஒரே மொடலில் பல கிடைத்தவருக்கே இது பொருத்தம்.

உயிர் இல்லாத குழாய்

முகம் மங்கி, சூடாக நீண்ட நேரம் எடுத்து, வெள்ளைப் பகுதிகள் கரைந்து பரவுவதுபோல் தெரிந்தால் குழாய் தேய்ந்துவிட்டது. அதைப் பழையபடி ஆக்க வழியில்லை. ஆனால் முடிவு கட்டும் முன் பலகையைப் பாருங்கள். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த சிறு கண்டென்சர்கள் கசிந்து, சுற்றியுள்ள செப்புப் பாதையைப் பச்சையாக அரித்திருக்கும். மீன்வாடை போன்ற ஒன்று மூக்கில் படும். அவற்றை மாற்றியதும் செத்ததென்று நினைத்த பல தொகுதிகள் எழுந்துவிடும். அந்தக் கண்டென்சர்கள் விலை குறைவு. வேலைதான் பொறுமை கேட்கும்.

உண்மையிலேயே செத்ததிலும் யோக்கையும் உருப்பெருக்கும் வில்லையையும் கழற்றி வையுங்கள். யோக் ஒலியலை செய்பவருக்கு உதவும். வில்லை, பலகையில் ஈயம் வைப்பவரின் கண்ணுக்கு உதவும். கண்ணாடியை உடைக்க வேண்டாம். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். பீலித் தண்ணீர் வரும் மேட்டிலோ தேயிலை மலையின் கானிலோ அதைப் புதைப்பது, கீழே குடம் வைத்துக் காத்திருப்பவர்களின் தண்ணீரில் கை வைப்பதற்குச் சமம். பழைய இரும்பு வாங்குபவர் செப்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை வழியில் வீசிவிடுவார். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம், கடதாசியில் சுற்றி, முகம் உள்நோக்கி இருக்கும்படி பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.